சொற்சிக்கனமும் வாய்மையும்

கடைத்தெருவில் கூவி விற்பவருக்குக் குரல் முதலீடு. கைப்பேசித் திரையில் விற்பவருக்குச் சொல்லே முதலீடு. அதைச் சிக்கனமாகச் செலவிடக் கற்பதே டிஜிட்டல் விளம்பர எழுத்தின் முதல் பாடம்.

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறியீடுகள் அடங்கும். தமிழில் 70 மட்டுமே. அதிலும் 'கு' என்னும் ஓரெழுத்து இரண்டு குறியீடுகளாகக் கணக்கிடப்படும். அடைமொழிகளுக்கு அங்கே இடமேது? 'தரமான, சிறப்பான சேவை' என்று எவரும் சொல்லலாம். 'இரவு 8 மணிக்குள் சொன்னால் காலை 6 மணிக்கு இட்லி மாவு வீடு தேடி வரும்' என்பது, இடைவெளி உட்பட 67 குறியீடுகளில், வாடிக்கையாளர் பெறும் பயனையும் அவர் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் பாடம் வாய்மை. 'இன்னும் இரண்டே உள்ளன', 'சலுகை இன்றோடு முடிகிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை, 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்துள்ளன. சட்டத்துக்கு அப்பால், இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. நல்ல சரக்கையும் மட்டமான சரக்கையும் வாங்குபவரால் பிரித்தறிய இயலாத சந்தையில், நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது. அதனை விற்பவர் மெல்ல வெளியேறுவார். 1970-இல் இதனை விளக்கிய ஜார்ஜ் அகர்லாஃப், 2001-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பொய் விளம்பரத்தின் கேடு அதை எழுதியவரோடு நிற்பதில்லை. அடுத்தவர் எழுதும் உண்மையின் மீதும் ஐயம் படிகிறது. பெருநிறுவனம் அதைத் தாங்கிக்கொள்ளும். வீட்டில் மாவு அரைத்து விற்பவரால் தாங்க இயலுமா?