மெடிக்கலில் எச்.ஐ.வி. என்று வந்தால்: வெளிநாட்டுப் பயணமும் வைத்தியச் செலவும்



சபுர் போன ஆள் ஒருவர்கூட இல்லாத வீடு நம் பகுதியில் குறைவு. விசா வந்ததும் முதலில் நடப்பது மெடிக்கல். அதில் ‘அன்ஃபிட்’ என்று வந்து, காரணம் எச்.ஐ.வி. என்று தெரிந்தால் வீடே வாயடைத்துப் போகிறது. ஏஜென்டிடம் கட்டிய பணம் ஒரு பக்கம், ஊர்ப்பேச்சுக்குப் பயம் ஒரு பக்கம். அந்த மௌனத்தில் வைத்தியம் தள்ளிப்போகிறது. வேறு சிலர் நோயை மறைத்தாவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பார்க்கிறார்கள். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

எச்.ஐ.வி. உள்ளவர் வெளிநாடு போகலாமா என்பதை விசா கிடைக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. போகிற இடத்தில் மாத்திரை ஒரு நாளும் தடைபடாமல் கிடைக்குமா, அதற்கு யார் செலவு செய்வார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்று இந்த நோயின் நிலை என்ன?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அன்று மருந்து கிடையாது. இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. ஆரம்பத்தில் இதைத் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 2017 முதல், நோய் உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்குகிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறையும் வரை காத்திருக்க வைப்பதில்லை.

பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான். ஒழுங்காகச் சாப்பிட்டால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை கணவன் மனைவி உறவு வழியாக நோய் பரவாது. கர்ப்பிணித் தாய் முறையாக மருந்து எடுத்தால் குழந்தையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் மாத்திரையை அடிக்கடி விட்டால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. சபுர் விஷயத்தில் நாம் கவலைப்பட வேண்டியது இதைத்தான்.

‘அன்ஃபிட்’ வந்தவுடன் செய்ய வேண்டியது

முதலில், காரணம் என்ன என்று ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ் போன்றவற்றுக்கும் ‘அன்ஃபிட்’ போடுவார்கள். எச்.ஐ.வி. என்று சொன்னால், அந்த ஒரே சோதனையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அங்கே வெவ்வேறு முறையில் மூன்று சோதனைகள் செய்த பிறகே உறுதி செய்வார்கள். கட்டணம் இல்லை. உறுதியானால் அங்கிருந்தே ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். மனைவியும் சோதனை செய்துகொள்வது அவசியம்.

விவரம் வெளியே போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புக்கென 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்குப் பாதுகாப்பு தருகிறது. ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பிறரிடம் சொல்வது பொதுவாகக் குற்றம். நோயைக் காட்டி வேலையை விட்டு நீக்குவதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதும், மருத்துவமனையில் ஒதுக்குவதும் சட்ட விரோதம். ஆனால் இந்தச் சட்டம் நம் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். வேறு நாட்டு விசா விதியை அது மாற்றாது.

வளைகுடாவில் காப்பீட்டு அட்டை ஏன் உதவாது?

சவூதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறு நாடுகளிலும் வேலை விசாவில் போகும் வெளிநாட்டவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் தங்க அனுமதி கிடையாது. பெரும்பாலான விசாக்களுக்கு இங்கேயே ‘வஃபித்’ மெடிக்கல் எடுக்க வேண்டும். முன்பு இதைத்தான் ‘காம்கா’ என்றோம். போய் இறங்கிய பின் இகாமாவுக்காக மறுபடியும் இரத்தம் எடுப்பார்கள். புதுப்பிக்கும்போது எடுக்கும் நாடும் உண்டு.

“கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு தருகிறதே, அதில் வைத்தியம் பார்க்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். அந்த அட்டை காய்ச்சலுக்கும் ஆபரேஷனுக்கும் உதவும். எச்.ஐ.வி.க்காக அதை நீட்டினால் இகாமாவே போய்விடும். அந்நாட்டுக் குடிமக்களுக்கு அரசே மருந்து தருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளியைத் திருப்பி அனுப்புகிறது.

“இரத்தத்தை மாற்றி வைத்து பாஸ் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள். இங்கே பாஸ் ஆனாலும் அங்கே எடுக்கும் சோதனையில் தெரிந்துவிடும். கடன் வாங்கிப் போனவர் கைது, நாடு கடத்தல் என்று திரும்பி வருவார். ஊரிலிருந்து பார்சலில் மாத்திரை வரவழைத்து மறைத்துச் சாப்பிடுவதும் நிலைக்காது. பார்சல் சுங்கத்தில் நின்றால் மருந்தும் நின்றுவிடும்.

சிங்கப்பூர், மலேசியா வேலை அனுமதியிலும் எச்.ஐ.வி. சோதனை உண்டு. இருந்தால் அனுமதி கிடைக்காது. சிங்கப்பூர் 2015-ல் குறுகிய காலப் பயணிகளுக்கு மட்டும் தடையை நீக்கியது. உறவினரைப் பார்த்து வரலாம், வேலைக்குத் தங்க முடியாது.

வழி திறந்திருக்கும் நாடுகள்

படிப்புக்கோ, வேலைக்கோ, கணவரோடு சேர்ந்து வாழவோ போவதென்றால் எல்லா நாடும் வளைகுடா மாதிரி இல்லை.

பிரிட்டன்: விசாவுக்கு நம் நாட்டிலிருந்து காசநோய்ச் சோதனை கேட்பார்கள், எச்.ஐ.வி. சோதனை கேட்பதில்லை. இங்கிலாந்தில் 2012 அக்டோபர் முதல், விசா நிலை எதுவானாலும் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசம். குடும்ப டாக்டரின் கடிதம் இல்லாமலே நேரடியாக அதற்கான கிளினிக்குக்குப் போகலாம். மற்ற வைத்தியங்களுக்காக விசாவோடு சேர்த்து மருத்துவக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும்.

அமெரிக்கா: எச்.ஐ.வி. உள்ளவர் வரக் கூடாது என்ற தடை 2010 ஜனவரியில் நீங்கியது. ஆனால் அங்கே காப்பீடு இல்லாமல் மருந்து வாங்குவது நடக்காத காரியம். முன்பே நோய் இருப்பதைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்ற விதி 2014 முதல் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் அரசுத் திட்டம் மாநிலந்தோறும் உண்டு.

கனடா: குடியேற்ற மெடிக்கலில் எச்.ஐ.வி. பார்ப்பார்கள். இருக்கிறது என்பதற்காக மட்டும் மறுப்பதில்லை. அரசுக்கு ஆகும் வைத்தியச் செலவு அவர்கள் வைத்த வரம்பைத் தாண்டுமா என்று கணக்குப் பார்ப்பார்கள். கணவன், மனைவி, பிள்ளை என்று குடும்ப விசாவில் போவோருக்கு அந்தக் கணக்கு இல்லை. மருத்துவமனைச் செலவை மாகாண அரசு ஏற்கும். மாத்திரைச் செலவு மாகாணத்துக்கு மாகாணம் மாறும். புதிதாகப் போகிறவர் சில மாகாணங்களில் மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களுக்கான மருந்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆஸ்திரேலியா: நிரந்தரக் குடியேற்றத்துக்குச் சோதனையும் செலவுக் கணக்கும் உண்டு. மாணவர்கள் கட்டாயம் எடுக்கும் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்க்கு 12 மாதம் காத்திருப்புக் காலம் உண்டு என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

விதிகள் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. ஏ.ஆர்.டி. மையத்தில் பயணத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். உடல்நிலை சீராக உள்ளவர்களுக்குச் சில மாத மாத்திரையைச் சேர்த்துத் தர வழி உண்டு.

2. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசி வைரஸ் அளவு ஆகியவற்றை டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மருந்தின் மூலப் பெயர் இருக்க வேண்டும்.

3. மாத்திரையை அதன் டப்பாவிலேயே கைப்பையில் வையுங்கள். லக்கேஜில் போட்டால், பெட்டி தொலையும்போது மருந்தும் தொலையும்.

4. நேர வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். இங்கே இரவு 9 மணிக்குச் சாப்பிடுபவருக்கு லண்டனில் குளிர்காலத்தில் அது மாலை 3.30. எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுச் செல்லுங்கள். நோன்பு மாதத்தில் சஹரிலோ நோன்பு திறந்த பிறகோ எடுப்பது பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

5. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்குள்ள கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். மாத்திரை தீரும் வரை காத்திருக்காதீர்கள்.

திரும்பி வந்தவர்களுக்கும் குடும்பத்தாருக்கும்

வளைகுடாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. ஆதார் அட்டையோடு நம்பிக்கை மையத்துக்குப் போனால் மருந்துக்கு ஏற்பாடாகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சேரலாம். ஆபரேஷன் போன்ற மற்ற செலவுகளுக்கு அது உதவும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

வாப்பாவோ மகனோ விசா முடியும் முன் திரும்பி வந்தால், ஏன் வந்தாய் என்று நாலு பேர் முன்னிலையில் கேட்காதீர்கள். அவர் சொல்ல விரும்பும்போது சொல்லட்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே குளியலறையைப் புழங்குவதாலும், கைகுலுக்கி முஸாபஹா செய்வதாலும் இந்த நோய் ஒட்டாது. பக்கத்து வீட்டாருக்கு நோயின் பெயர் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் ஒருவராவது அவரோடு ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூடப் போய் வாருங்கள். துணைக்கு ஆள் இருந்தால் மாத்திரையை விடாமல் சாப்பிடுவது அவருக்கு எளிதாகும்.