நிற்பவருக்கு ஒரு நாற்காலி

தீபாவளி நெருங்கிவிட்டது என்பதைப் பஞ்சாங்கத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வேளச்சேரி விஜயநகர் பஸ் நிலையத்திற்கு ஒரு மாலை வேளையில் போய் நின்றால் போதும். தியாகராயநகர் செல்லும் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்க இடம் கிடைப்பதே அப்போது பெரும் பாக்கியம். வேளச்சேரியில் கடைகளுக்குப் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. 2013-ஆம் ஆண்டிலிருந்து பிரம்மாண்டமான அங்காடி வளாகம் ஒன்றே இங்கு இருக்கிறது. இருந்தும் என்ன? ரங்கநாதன் தெருவின் நெரிசலில் நாலு பேர் தோளில் இடிபட்டு வாங்கிவந்தால்தான் அது பண்டிகைத் துணி என்று நம்மில் பல குடும்பங்களுக்கு ஓர் எண்ணம்!

பண்டிகை நாட்களில் முன்பின் அறியாதவரிடம் அன்பு காட்ட வேண்டும் என்று சொன்னால், தெருமுனையில் கையேந்துகிறவருக்குக் காசு போடுவதே நம் நினைவுக்கு வரும். அது நல்ல காரியந்தான். ஆனால் அன்றைய தினம் நாம் மிகுந்த நேரம் பழகுகிற அந்நியர் அவர் அல்லர். ஜவுளிக் கடையில் நமக்கு எதிரே நிற்கும் பெண்ணும் பிள்ளையுமே அவர்கள். நாற்பது புடவைகளைப் பிரித்துக் காட்டியவளின் முகம் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? புடவையின் கரை மட்டும் மறப்பதில்லை.

"எதிரே நிற்கும் பெண்" என்றோம். அந்த "நிற்கும்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. நின்றுகொண்டே பிழைக்கும் தொழில்தான் நம்முடைய ஆசிரியத் தொழிலும். ஆயினும் வகுப்பில் நமக்கென்று ஒரு நாற்காலி உண்டு. மணி அடித்ததும் ஓய்வும் உண்டு. கடையில் மணி அடிப்பார் யார்? நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளிவிடுகின்றன. அசையாமல் நின்றாலோ இரத்தம் கீழே தேங்குகிறது; பாதம் வீங்குகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் சிலருக்குக் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டுவிடுகின்றன.

ரங்கநாதன் தெருவில் வேலை பார்க்க வரும் இளைஞர்களின் வாழ்க்கையை, 2010-இல் வெளிவந்த "அங்காடித் தெரு" என்ற படத்தில் வசந்தபாலன் காட்டினார். பார்த்துக் கண் கலங்கியவர்கள் பலர். ஆனால் கண்ணீரினால் நாற்காலி வந்துவிடாதல்லவா? அதற்கு வழி காட்டியவர்கள் மலையாள நாட்டுப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த ஸ்திரீகள், விஜி என்ற தையற்காரப் பெண்மணியின் தலைமையில் "பெண்கூட்டு" என்ற சங்கமாகத் திரண்டு, உட்காரும் உரிமையைக் கேட்டுப் போராடினார்கள். அதன் பயனாகக் கேரள அரசாங்கம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும், நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் வருஷத்திலேயே பிறந்த கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில், ஊழியர்களுக்கு ஆசனம் அளிக்க வேண்டும் என்ற விதி 2021-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. பிரிட்டன் தன் நாட்டுக் கடைப் பெண்களுக்கு இதைச் செய்தது 1899-இல். மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனமாவது இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். நம் பெண்களுக்கு அந்த நியாயம் வந்து சேர 122 வருஷம் ஆயிற்று.

சரி, சட்டம் வந்துவிட்டது. முக்காலியும் வந்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அதன்மேல் அவள் உட்காருகிறாளா? அங்கேதான் நேயர்களாகிய நாம் குறுக்கே நிற்கிறோம். வாடிக்கைக்காரர் உள்ளே நுழையும்போது கடைப் பெண் உட்கார்ந்திருந்தால், "மரியாதை தெரியாதவள்" என்று நம் புருவம் உயர்கிறது. முதலாளி அஞ்சுவது அந்தப் புருவத்துக்குத்தான். அவள் அஞ்சுவது முதலாளிக்கு. ஆகவே சட்டசபை கொடுத்த ஆசனத்தை நம் முகச்சுளிப்பு பறித்துவிடுகிறது. இது சர்க்காரால் தீரும் காரியமன்று, நம்மால் தீரும்.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். முன்பின் அறியாத புதியவரை வரவேற்பதையே நம் முன்னோர் விருந்தோம்பல் என்றார்கள். ஜவுளிக் கடையில் அந்தப் புதியவர் நாம்தான். நம்மை வரவேற்று உபசரிப்பவள் அவள். உபசரிப்பவருக்கு அறம் உண்டென்றால், உபசாரம் பெறுகிறவருக்கும் ஒன்று இருக்க வேண்டும்.

அது பெரிய காரியமில்லை. என்ன நிறம், எவ்வளவு விலை என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் புறப்படலாம். கடை அடைக்கும் நேரத்தில் நுழையாதிருக்கலாம். வாங்காத துணியை மேஜைமேல் எறியாமல், ஒரு மடிப்பாவது மடித்துக் கொடுக்கலாம். குழந்தைகளின் முன்னிலையில் அவளை "ஏய்" என்று கூப்பிடாமலிருக்கலாம். குழந்தைகள் கற்பது நம் பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல. எல்லாவற்றிற்கும் மேலாக, முதலாளியின் காதில் விழும்படியாகவே, "நீங்கள் உட்கார்ந்துகொண்டே காட்டுங்கள், அம்மா" என்று சொல்லலாம்.

நாலே வார்த்தைகள்! தீபாவளிச் செலவில் இதற்கு மட்டும் விலையும் கிடையாது, வரியும் கிடையாது.