கடைமடைக்கு வராத நீர்

தண்ணீர்க் களவு என்றதும் இரவிலே மண்வெட்டியோடு சென்று வரம்பை வெட்டுபவனையே நாம் நினைக்கிறோம். அவனை வட்டை விதானையார் பிடித்துவிடலாம். பிடிபடாத கள்ளன் ஒருவனும் உண்டு. அவன் பெயர் வண்டல்.

பெரிய வாய்க்காலில் விரைந்து வரும் நீர் கிளை வாய்க்காலுட் புகுந்ததும் வேகந் தளர்கிறது. சுமந்து வந்த மணலையும் சேற்றையும் வாயண்டையிலேயே இறக்கிவிடுகிறது. அடித்தளம் உயர, அங்கே நீர்மட்டமும் உயர்கிறது. தலைமடை வயல்கள், எவரும் கை வைக்காமலே, தம் பங்குக்கு மேலாக நீரைக் குடிக்கின்றன. கடைமடையில் பயிர் வாடுகிறது. மண்ணை அள்ள வேண்டிய இடம் தலைமடை. அள்ளுவதால் நன்மை பெறுபவனோ கடைமடையான். வழக்கெல்லாம் இங்கேதான் பிறக்கிறது என்பேன்.

கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றுத் திட்டம் 1949இல் தொடங்கியது. அதன் இடதுகரையில், தலைப்பக்கத்திலே சிங்களக் குடியேற்றவாசிகளும், மண்டூரை நோக்கிய கடைப்பக்கத்திலே தமிழ்க் கமக்காரரும் பயிரிட்டனர். ஆதலால் தூர்ந்த வாய்க்கால் இரு இனத்தாரிடையே மனக்கசப்பாகவும் மாறக்கூடியதாயிற்று. 1981 சிறுபோகத் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்தில் கால்வாசி நீரே இருந்தது. பத்து, இருபது ஆண்டுகளாக மண்வெட்டி படாத வாய்க்கால்களும் இருந்தன. அவ்வாண்டு, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து வகுத்த திட்டப்படி, இளம் பட்டதாரிகள் அங்கு சென்று கமக்காரரை வாய்க்கால் வாய்க்காலாகக் கூட்டிப் பேசவைத்தனர். சில வாரங்களுக்குள் வாய்க்கால்கள் சிரமதானத்தால் துப்புரவாயின. கமக்காரர் முறை வைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம்பிடித்த நீரைக் கீழேயுள்ளவர்களுக்கு விட்டனர்.

இவற்றுள் மண்வெட்டிக்கே நான் முதலிடம் கொடுப்பேன். வாய்க்கால் தூர்ந்திருக்க முறை வகுப்பது வீண். கடைமடையானுக்குச் செவ்வாய்க்கிழமை என்று கொப்பியிலே எழுதிவைக்கலாம். அவன் முறை முடியுமுன் நீர் வந்து சேர வேண்டுமே! இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒருமுறை தோண்டிவிட்டுப் போனாலும் போதாது. போகந்தோறும் மண் வரும். அளவு கடந்து ஆழமாக்கினால் நீர்மட்டம் தாழ்ந்து தலைமடை வயல்களுக்கு ஏறாது போகும்.

ஆகவே அடித்தளத்திலே அளவுக்கல் பதித்து, அது கண்ணுக்குத் தெரியுமட்டும் வெட்டுதல் வேண்டும். வேலை முடிந்ததா என்று பார்க்கும் பொறுப்பைக் கடைமடையான் ஒருவனிடம் ஒப்படைத்தல் நலம் என்பது என் கருத்து. தலைமடையானும் கூட நிற்கட்டும்; கல்லுக்குக் கீழே வெட்டாதபடி அவன் பார்த்துக்கொள்வான்.