உங்களுக்குத் தெரியுமா? உப்புக் காற்றில் ஒரு மெக்கானிக்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் தூத்துக்குடி பக்கத்து மாப்பிள்ளையூரணியில் எந்த வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சுதான்: "அடுத்து என்ன படிக்கப் போட?" பிள்ளை "மெக்கானிக்" என்று சொன்னால் முகம் வாடுகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். துறைமுகம், உப்பளம், படகுத்துறை, மின்சார கார் ஆலை என்று சுற்றிலும் சக்கரமும் எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும் ஊர் இது. இங்கே அந்தத் தொழிலின் மதிப்பு என்ன, உள்ளே நுழையும் வழி எது? துணுக்குகளாகப் படியுங்கள்.

இரண்டு வாசல்

மெக்கானிக் ஆக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பட்டறை, இன்னொன்று ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். பட்டறையில் கை பழகும், சான்றிதழ் வராது. ஐ.டி.ஐ.யில் சான்றிதழ் வரும், ஆனால் நடுரோட்டில் நின்றுபோன லாரியைக் கிளப்பும் நிதானம் பட்டறையில்தான் வரும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இரண்டிலும் நுழைந்து வந்தவருக்குத்தான் வேலையும் நிலைக்கும், சம்பளமும் கூடும்.

எத்தனை வருடப் படிப்பு?

மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டு. மின்சார வாகன மெக்கானிக்கும் 2 ஆண்டு. டீசல் மெக்கானிக், இரு சக்கர – மூன்று சக்கர வாகன மெக்கானிக் இரண்டும் 1 ஆண்டு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். தமிழகத்தில் ஆண்களுக்கு வயது 14 முதல் 40 வரை. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. நம் பகுதிக்கு அரசு ஐ.டி.ஐ. கோரம்பள்ளத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு எந்தெந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதை விண்ணப்பிக்கும் முன் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

கையைக் கடிக்காத படிப்பு

தமிழக அரசு ஐ.டி.ஐ.க்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம் எல்லாம் அரசே தருகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1,000 ரூபாய் தனியாகக் கிடைக்கும். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கித் தனியார் நிலையத்தில் சேர்த்துவிடும் குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டுக்காவது இதைச் சொல்லுங்கள்.

படிப்பு அங்கேயே முடிந்துவிடாது

பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, மொழித்தாள்களையும் எழுதித் தேறினால் தமிழகத்தில் அது பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. ஸ்பேனர் பிடித்த கை பிறகு டிப்ளமோவும் வாங்கலாம், இன்ஜினீயரிங்கும் படிக்கலாம்.

பட்டறையிலேயே வளர்ந்தவருக்கும் சான்றிதழ்

ஐ.டி.ஐ. பக்கமே போகாமல் பட்டறையில் தொழில் கற்றவர்கள் நம் ஊரில் ஏராளம். 21 வயது நிறைந்து, தொழிலில் 3 ஆண்டு அனுபவம் இருந்தால் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு அறிவிப்பு வெளியிடும். வெளிநாட்டு வேலைக்கோ, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ போகும்போது இருபது வருட அனுபவம் பேசாத இடத்தில் அந்த ஒரு தாள் பேசும்.

பதினாலு வயதுக்கு முன் கூடாது

14 வயது நிறையாத பிள்ளையை எந்தப் பட்டறையிலும் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குழந்தைகளுக்கு ஆகாத தொழில்களின் பட்டியலில் ஆட்டோமொபைல் பட்டறை சேர்க்கப்பட்டது. 2016 திருத்தத்துக்குப் பின் எல்லாத் தொழிலுக்கும் அந்தத் தடை வந்துவிட்டது. தொழில் பழகுவது நல்லது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டுப் பழகட்டும்.

ஸ்பேனரில் உள்ள நம்பர்

10–11, 12–13, 14–15 என்று ஸ்பேனரில் பொறித்திருப்பது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம், மில்லிமீட்டரில். பட்டறைக்குப் புதிதாக வரும் பையனுக்கு முதல் பாடமே இதுதான்.

"அண்ணாச்சி, பதினாலா பதினஞ்சா?"

"ஏல, எங்கிட்ட கேக்காத. நட்டப் பாத்துச் சொல்லு."

நாலு மாதத்தில் கண்ணே அளவுகோலாகிவிடும். சைஸ் தப்பிய ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இடப்பக்கம் திருகினால் இறுகும் நட்டு

சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு மரை தலைகீழாக இருக்கும். சக்கரம் சுழலும் வேகத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இது தெரியாதவர் மூச்சைப் பிடித்துக் கழற்றப் பார்ப்பார். நட்டு இன்னும் இறுகும், கடைசியில் போல்ட்டே முறியும்.

ஏர் லாக் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

டேங்க் வற்றும்வரை ஓட்டிய டீசல் வண்டி, மறுபடி டீசல் ஊற்றினாலும் கிளம்பாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். மெக்கானிக் ஃபில்டர் மேலுள்ள சிறிய திருகைக் கொஞ்சம் தளர்த்துவார். உதவியாள் கைப்பம்பை அழுத்த அழுத்த, முதலில் நுரைநுரையாகப் பொங்கும். அப்புறம் குமிழிகள் ஒன்றிரண்டாகும். குமிழியே இல்லாமல் கம்பி போலத் தெளிந்த டீசல் வழியும் அந்த நொடியில் திருகை இறுக்குவார். செல்ஃப் அடித்தால் எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிட வேலைதான். அந்தக் கடைசிக் குமிழிக்காகக் காத்திருக்கும் பொறுமையைத்தான் பையன்கள் அங்கே படிக்கிறார்கள்.

புகையின் நிறம் பேசும்

கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வரும் வெள்ளைப்புகை, எரியாத டீசலையோ உள்ளே கசியும் தண்ணீரையோ காட்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல, பட்டறையில் முதல் பார்வை சைலென்சருக்குத்தான்.

உப்புக் காற்றின் பாடம்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கடற்காற்று அதைத் துளித்துளியாகச் சுமந்துவந்து வண்டியின் அடியில் படியவைக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரப்படலத்தின் வழியே மின்னோட்டம் எளிதாக ஓடுவதால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். உப்பு ஏற்றும் லாரிக்குச் சொல்லவே வேண்டாம். சேசிஸ், ஸ்பிரிங் பட்டை, பிரேக் குழாய், பேட்டரி முனை என்று வரிசையாக அரித்துவிடும்.

அதனால் இந்தக் கரையில் தொழில் பழகியவர், லைட் எரியவில்லை என்றால் பல்பை மாற்ற ஓடமாட்டார். எர்த் ஒயர் சேசிஸைத் தொடும் இடத்தைச் சுரண்டிப் பார்ப்பார். அங்கே பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கோளாறு அங்கேதான். வைத்தியமும் எளிது: அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள், பேட்டரி முனையில் வாசலின் தடவுங்கள். கடலோரம் இல்லாத ஊர்களில் பல வருடம் கழித்துப் பார்க்கும் துருவை நம் பையன்கள் சேர்ந்த முதல் வருடமே பார்த்துவிடுகிறார்கள்.

லாரி எஞ்சின் கடலுக்கும் போகும்

விசைப்படகுகளில் ஓடும் டீசல் எஞ்சின்கள் பலவும் லாரி எஞ்சினின் உடன்பிறப்புகளே. லாரியில் எதிர்க்காற்றும் ரேடியேட்டரும் குளிர்விக்கும். படகில் அந்த வேலையைக் கடல்நீர் செய்யும். எனவே தருவைகுளத்துப் படகையும் பைபாஸ் லாரியையும் ஒரே கை பழுதுபார்க்க முடியும். கடல்பக்கம் முறையாகப் படிக்க விரும்பினால், 1963இல் கொச்சியில் தொடங்கி இன்று சென்னையிலும் இயங்கும் சிஃப்நெட் நிறுவனம் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இரண்டாண்டு மரைன் ஃபிட்டர் பயிற்சி தருகிறது.

பிரித்து மாட்டியே படித்தவர்

கோவை ஜி.டி. நாயுடு பள்ளியில் அதிகம் படித்தவர் இல்லை. ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டித் தொழில் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பிறகு தொழிற்கல்விக்கென நிலையங்களே நிறுவினார். தான் தட்டுத்தடுமாறிக் கற்றதை அடுத்த தலைமுறை முறையாகக் கற்க வேண்டும் என்று அவர் வழி செய்தது நம் பட்டறைக்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய செய்தி.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது நம் மாநிலப் பஸ்களின் பின்னால் கரி அடுப்புப் போன்ற கலனைப் பொருத்தி, அதில் வந்த வாயுவைக் கொண்டே எஞ்சினை ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கலன்களைத் தயாரித்தது. எரிபொருள் மாறியபோதும் மெக்கானிக்கின் வேலை போகவில்லை. புதிதாகக் கற்றுக்கொண்டவர்களை வைத்துத்தான் பஸ்கள் ஓடின.

லேப்டாப்பும் ஒரு ஸ்பேனர்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புகையின் நச்சைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்தது. பெரும்பாலான புதிய டீசல் லாரிகளில் டீசல் டேங்க் பக்கத்திலேயே இன்னொரு சிறிய டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கரைசல். புகையில் உள்ள நச்சு வாயுவை அது நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். இதில் டீசலை மாற்றி ஊற்றினால் பெருஞ்செலவு. கோளாறைக் கண்டுபிடிக்க இன்று ஸ்கேனர் வேண்டும். ஆனால் ஸ்கேனர் காட்டுவது சென்சார் சொல்லும் சேதியை மட்டும்தான். அந்த சென்சாரின் ஒயரே உப்பில் அரித்திருக்கிறதா என்பதைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும்.

ஜாக்கியை நம்பாதே

வண்டியைத் தூக்க மட்டுமே ஜாக்கி. அடியில் படுக்கும் முன் ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். இன்னோர் எச்சரிக்கை: புதிய டீசல் எஞ்சின்களின் எரிபொருள் குழாயில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். ஊசிமுனைக் கசிவைக் கையால் தொட்டுப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தொழில் சொல்லித்தரும் அண்ணாச்சிமார்களே, முதல் நாளே இந்த இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

சில்லாநத்தத்தில் மின்சார கார்

தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள். மின்சார காரில் எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை, சைலென்சர் இல்லை. ஆனால் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஏ.சி., டயர், ஒயரிங் எல்லாம் உண்டு. ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் உயர் மின்னழுத்தம் என்று பொருள். இணைப்பைத் துண்டித்து, காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, அதற்கான கையுறையோடுதான் தொடவேண்டும். தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனமாக்கப்பட்டது இத்தகைய தொழில்களுக்காகத்தான்.

கயிற்றின் மறுமுனை

லாரியின் ஏர் பிரேக் டேங்கில் தினமும் தண்ணீர் வடிக்க வேண்டும். கடலோரத்து ஈரக்காற்றை அழுத்தி அடைக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் தேங்கும். தேங்கினால் வால்வு துருப்பிடிக்கும், பிரேக் ஏமாற்றும்.

இதைச் சொல்லும்போது முத்துக்குளிப்பு நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடியில் அது கடைசியாக நடந்தது 1961இல். குளிக்க இறங்குகிறவரின் கயிற்றைப் பிடிக்க மைத்துனரைத்தான் படகில் வைப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் கண்ணயர மாட்டார் அல்லவா? துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இரவில் மதுரைக்குக் கிளம்பும் டிரைவர் ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும், அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் பட்டறையில் நிற்கும் மெக்கானிக்தான். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி, தங்கைகள் முதலில் பழக வேண்டியது அந்தப் பிடி.