வதனும் இகாமாவும்: குடியுரிமை குறித்து ஒரு ஃபிக்ஹுப் பார்வை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் சேலையூரைக் கடந்ததும் வருவது ராஜகீழ்ப்பாக்கம். விமான நிலையம் அருகில் இருப்பதைக் கருதி, கடல் கடந்து பொருளீட்டுவோர் சிலர் இப்பகுதியில் வீடோ மனையோ வாங்கி வைத்திருக்கின்றனர். அத்தகைய சகோதரர் ஒருவர் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து ஸலாம் கூறினார்.

"ஹஜ்ரத், சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறேன். இங்கே எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஜமாஅத் தவறிப்போனால் நான் கஸ்ரு செய்ய வேண்டுமா, முழுதாகத் தொழ வேண்டுமா?"

அந்த வீட்டில் எப்போதாவது குடியிருந்தீர்களா என்று வினவினோம். இல்லை, வாங்கிய நாள்முதல் வாடகைக்கு விட்டிருப்பதாகக் கூறினார். பிறந்தது தென்மாவட்டத்து ஊரொன்றில். மனைவியும் இரு மக்களும் சிங்கப்பூரில். அவர் அங்கு சென்று 24 ஆண்டுகள் ஆகின்றன. குடும்பம் முழுவதும் அந்நாட்டின் நிரந்தரவாசிகள். அப்படியானால் ஹனஃபி மத்ஹபின்படி நீங்கள் இவ்வூரில் பயணிதான், தனித்துத் தொழுதால் இரண்டு ரக்அத்துகளே என்று விடை கூறினோம். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அப்படியென்றால் என் ஊர் எது ஹஜ்ரத்?" என்றார். அவர் கேட்க வந்தது உண்மையில் அதுதான். மகனுக்குப் பதினாறரை வயது நிறைந்து தேசிய சேவைக்குப் பதிவு செய்யுமாறு கடிதம் வந்திருக்கிறது. இந்நிலையில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதா, இந்தியக் கடவுச்சீட்டையே வைத்துக்கொள்வதா என்பதில் குடும்பத்தில் பெரும் விவாதம்.

நவீன நாடுகளின் குடியுரிமைச் சட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 'ஒரு மனிதனின் ஊர் எது?' என்ற வினாவை நம் ஃபுகஹாக்கள் எழுப்பிவிட்டனர். தொழுகையைச் சுருக்குவதும் நிறைவு செய்வதும் அதைப் பொறுத்தே அமைவதால் அவர்களுக்கு அது ஏட்டுக் கேள்வியன்று. ஹனஃபி அறிஞர்கள் இருப்பிடத்தை வகைப்படுத்தினர். பிறந்து வளர்ந்த ஊர், அல்லது மணம் முடித்து வாழும் ஊர், அல்லது இனி விட்டு நீங்குவதில்லை என்ற எண்ணத்துடன் குடும்பத்தோடு குடியேறிய ஊர் வதனுல் அஸ்லீ. பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்கும் எண்ணத்துடன் இறங்கிய ஊர் வதனுல் இகாமா. ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினாலே பயணச் சலுகை முடிந்துவிடும். வளைகுடாவில் பணியாற்றுவோர் தம் வசிப்பு அட்டையை 'இகாமா' என்றே அழைக்கின்றனர். அது ஃபிக்ஹின் சொல்தான் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்!

இகாமா அஸ்லீயை அழிப்பதில்லை. முப்பது ஆண்டுகள் நீடித்தாலும் அழிப்பதில்லை. ஆனால் ஒருவர் தம் குடும்பத்தைப் பெயர்த்துச் சென்று வேறோர் ஊரைத் தமது வதனுல் அஸ்லீ ஆக்கிக்கொண்டால், பழையது அந்தத் தகுதியை இழந்துவிடும். பழைய ஊரில் வீடும் நிலமும் மட்டும் மிஞ்சியிருந்தால் அது வதனாக நீடிக்குமா என்பதில் ஹனஃபி நூல்களில் கருத்து வேறுபாடு உண்டு.

இவ்விதிக்கு அறிஞர்கள் காட்டும் சான்று நெஞ்சை நெகிழ்விப்பது. நபி (ஸல்) அவர்கள் பிறந்ததும் வளர்ந்ததும் மக்காவில். அவ்வூரை அவர்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டது, தடுப்பார் எவருமில்லை. ஆயினும் அண்ணலார் அங்குத் தங்கிய நாட்களில், புகாரியில் இடம்பெறும் ஓர் அறிவிப்பின்படி 19 நாட்கள், பயணியாகவே கஸ்ரு செய்தார்கள். பின்னர் மதீனாவுக்கே திரும்பினார்கள். மக்காவில் பிறந்த உமர் (ரலி) அவர்களும் தமது கிலாஃபத் காலத்தில் அங்கு இரண்டு ரக்அத்துகள் தொழுவித்துவிட்டு, உள்ளூர் மக்களைத் தொழுகையை நிறைவு செய்துகொள்ளப் பணித்ததாக முவத்தாவில் காண்கிறோம். பிறந்த மண்ணை நேசிப்பது வேறு, அதைத் தம் ஊராகக் கணக்கில் வைத்திருப்பது வேறு என்பது இவற்றால் தெளிவாகிறது.

'அது இஸ்லாமிய மதீனா. முஸ்லிமல்லாதார் ஆளும் நாட்டை இதனோடு ஒப்பிடலாமா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. சென்ற நூற்றாண்டில் இவ்விஷயத்தில் வெளியான கடுமையான ஃபத்வாக்கள் பெரும்பாலும் துனீசியாவைச் சார்ந்தவை. 1923ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்ஸ் ஒரு சட்டம் இயற்றித் துனீசிய முஸ்லிம்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையின் வாயிலை விரியத் திறந்தது. அதை ஏற்றவர் ஷரீஅத் நீதிமன்றத்தின் அதிகார எல்லையிலிருந்து வெளியேறி, மணம், மணவிலக்கு, வாரிசுரிமை அனைத்திலும் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட வேண்டியிருந்தது. அல்மனார் ஆசிரியர் ரஷீத் ரிளா முதலானோர் அதை ஹராம் என்றனர். 1930களின் தொடக்கத்தில், குடியுரிமை மாறியவர்களை முஸ்லிம் அடக்கத்தலங்களில் அடக்கக் கூடாது என்று மக்கள் வீதிக்கு வந்தனர். அத்தீர்ப்பின் காரணம் (இல்லத்) அந்நிய நாடு என்பது மட்டுமன்று. ஷரீஅத்தின் குடும்பச் சட்டத்தைக் கைவிடுவதும், ஆக்கிரமிப்பாளனுக்கு ஆள் சேர்ப்பதுமாகும்.

சிங்கப்பூரில் அந்தக் காரணம் இல்லை. அங்கு 1958 முதல் ஷரீஅத் நீதிமன்றம் இயங்குகிறது. 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி, அந்நாட்டையே தம் வாழ்விடமாகக் கொண்ட முஸ்லிம் உயில் எழுதாது இறந்தால் அவரது சொத்து ஃபராயிள் முறைப்படியே பங்கிடப்படும். முஸ்லிமல்லாதார் பெரும்பான்மையாக உள்ள நாட்டின் அரசியல் சாசனத்துக்கு உறுதிமொழி அளிப்பது தகுமா என்ற ஐயத்தை இந்திய முஸ்லிம்களாகிய நாம் எழுப்புவது வியப்பே. மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) அவர்கள் 1938இலேயே மதீனாவின் உடன்படிக்கையை முன்னிறுத்தி இதற்கு விடை எழுதிவிட்டார்கள். அபிசீனியாவில் ஜஅஃபர் (ரலி) அவர்களும் தோழர்களும் கிறிஸ்தவ மன்னரின் பாதுகாப்பில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மக்களையும் அங்கே பெற்றார்கள்.

முடிவெடுக்காமல் காலம் கடத்தியதன் விலையை நம் சமுதாயம் முன்பே கொடுத்திருக்கிறது. 1957இல் சிங்கப்பூர் தனது குடியுரிமைச் சட்டத்தை இயற்றியபோது, பத்தாண்டுகள் வசித்து விசுவாச உறுதிமொழி எடுக்க முன்வந்த அயல்நாட்டவருக்கும் பதிவு செய்துகொள்ள வாய்ப்பளித்தது. அதே ஆண்டு மலாயா விடுதலை பெற்றது. பலர் பதிவு செய்துகொண்டனர். 'சம்பாதிக்க வந்தோம், ஊருக்குத் திரும்பிவிடுவோம்' என்று எண்ணியிருந்தோரும் பலர். 1960களின் பிற்பகுதியில் இரு நாடுகளும் குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கட்டாயம் என்றன. சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் படைத்தளங்கள் 1971க்குள் மூடப்பட்டபோது அவற்றை நம்பியிருந்த தமிழர் பலர் ஊர் திரும்பினர். மலேசியாவில் 1969 மே கலவரத்துக்குப் பின் அனுமதிச் சீட்டு விதி கடுமையாக்கப்பட்டு, சுமார் 60,000 இந்தியர்கள் வெளியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். அங்கேயே தங்கிவிட்ட முதியவர்களுள் சிலர் 'சிவப்பு அடையாள அட்டை'யுடனேயே காலம் தள்ளினர்.

வளைகுடாவில் நிலைமை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அரபியரல்லாதாருக்கு 30 ஆண்டு வசிப்பையும், கத்தாரின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 25 ஆண்டு வசிப்பையும் நிபந்தனையாக விதித்தன. நிபந்தனை நிறைவேறினாலும் அது உரிமையாகிவிடுவதில்லை. அமீரகம் 2019இல் தொடங்கிய 'தங்க விசா'வும் நீண்ட இகாமாவேயன்றிக் குடியுரிமை அன்று. குவைத் 2024 முதல் முன்பு வழங்கிய குடியுரிமைகளையே பல்லாயிரக்கணக்கில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆகவே அங்குள்ளோர் 'பெறலாமா' என்று விவாதிப்பதில் பொருளில்லை. அவர்களது வதன் தமிழகத்து ஊரே, சேமிப்பும் பிள்ளைகளின் கல்வியும் அதை நோக்கியே திட்டமிடப்பட வேண்டும்.

சிங்கப்பூர்ச் சகோதரருக்கு வாயில் திறந்திருக்கிறது. பெற்றோர் வழியே நிரந்தரவாசம் பெற்ற ஆண்பிள்ளை, குடிமகனைப் போன்றே, ஈராண்டு தேசிய சேவை ஆற்றியாக வேண்டும். கடமை வந்துவிட்டது, உரிமை வரவில்லை. நிரந்தரவாசிக்கு வாக்குரிமை கிடையாது. வெளிநாடு சென்று திரும்பும் அனுமதியைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். இந்நிலையில் மகனை வைத்திருப்பது தந்தைக்கு முறையன்று என்பதே நம் கருத்து.

எனினும் இழப்பும் சிறிதன்று. இந்திய அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, சிங்கப்பூரும் ஏற்பதில்லை. அயலகத்தில் வாழும் இந்தியக் குடிமக்கள் நேரில் வந்து வாக்களிக்க 2011 முதல் உள்ள வசதி போய்விடும். 'அயலக இந்தியக் குடியுரிமை' அட்டை பெறலாம். பெயரில் குடியுரிமை இருந்தாலும் அது வாழ்நாள் விசாவே. அதைக் கொண்டு வேளாண் நிலம் வாங்க இயலாது. வாரிசுரிமையாக வருவதற்குத் தடையில்லை. நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, 2021 மார்ச் மாத அறிவிக்கை. அட்டைதாரர் தப்லீக் பணியிலோ ஆய்விலோ ஈடுபடத் தனி அனுமதி பெற வேண்டும் என்கிறது அது. விடுமுறையில் வந்து ஜமாஅத்தில் செல்வோர் பலரும் இதனை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. திரும்பும் வழி முற்றிலும் அடைபடவில்லை. அட்டை பெற்று ஐந்தாண்டுகள் கழிந்து, ஓராண்டு இந்தியாவில் வசித்தவர் மீண்டும் குடியுரிமை கோரலாம். அளிப்பது அரசின் விருப்பம்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது அவர் கூறினார்: "நிலம் வாங்கும் எண்ணம் இல்லை ஹஜ்ரத். ஓட்டுப் போட ஒருமுறைகூட வந்ததில்லை. ஊரில் உம்மா இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?"

உம்மாவைப் பார்க்க வருவதற்கு அந்த அட்டை போதும் பாய் என்றோம். பிறகு, மகன் என்ன சொல்கிறார் என்று கேட்டோம்.

"அவனிடம் இன்னும் கேட்கவில்லை" என்றார்.