63 வரியில் அடங்கிய தாளம்!

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினி கொண்டு இசை அமைத்தார் அவர்.

மறு ஆண்டே அமிகா கணினிக்கு 'சவுண்ட்டிராக்கர்' வந்தது. செய்தவர் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி. பறையின் ஓர் அடியைப் பதிவு செய்து கொடுத்தால் போதும். வேகம் கூடினால் சுரம் ஏறும், குறைந்தால் இறங்கும். வரிவரியாக எழுதினால் பாட்டு தயார்!

ஆனால் ஒரு சிக்கல். பக்கத்துக்கு 64 வரிகள். எட்டு எண்ணும் ஆதி தாளம் அடங்கும். ஏழு எண்ணும் மிச்ர சாபு? ஒரு வரி மிஞ்சும், தாளம் தடுமாறும்! பிறகு வந்த டிராக்கர்களில் வரிகளைக் குறைக்கலாம். 63 வைத்தால் தீர்ந்தது!

இன்னொன்றும் வேண்டும். பறை இசைப்பவர் கை இருமுறை ஒரே மாதிரி விழாது. பல அடிகள் மாறி மாறி ஒலிக்க வேண்டும். அதற்குக் கம்பம் பள்ளத்தாக்குக் கலைஞரையே அழையுங்கள். கூலியும் கொடுங்கள்!