பழைய நிரலகங்களுக்கான ஆதரவு நீக்கமும் தமிழ்க் கணினி ஆய்வும்

முன்னுரை

திறந்த மூல மென்பொருள்கள் பிற நிரலகங்களைச் சார்ந்தே இயங்குகின்றன. பழைய பதிப்புகளுக்கான ஆதரவு நிறுத்தப்படும்போது, அவற்றை நம்பி எழுதப்பட்ட ஆய்வு நிரல்கள் அடையும் மாற்றத்தைப் பைத்தான் 2-ஐச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஆதரவு நீக்கத்தின் பின்னணி

பைத்தான் 3, 2008 டிசம்பரில் வெளிவந்தது. 2015-இல் முடிவதாக இருந்த பைத்தான் 2.7-இன் ஆதரவு, 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. ஒரே நிரலை இரண்டு பதிப்புகளுக்கும் பொருந்த எழுதுவதும் சோதிப்பதும் தன்னார்வலர்களுக்குப் பெருஞ்சுமையாயின. ஆகவே எண்கணிப்புக்குரிய நம்பை நிரலகம் 2019-இல் வெளியிட்ட 1.17ஆம் பதிப்பிலேயே பைத்தான் 2-ஐக் கைவிட்டது. நிரலகங்களை நிறுவும் பிப் கருவி 2021-இல் அவ்வழியைப் பின்பற்றியது.

தமிழ்த் தரவில் நிகழும் மாற்றம்

யுடிஎஃப்-8 முறையில் சேமித்த ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தான் 2-இன் இயல்பான சரவகை 15 என்று காட்டும். அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 ஒருங்குறிக் குறியீடுகளை எண்ணி 5 என்று காட்டும். தமிழிலக்கணப்படி எழுத்துகள் மூன்றே. இவ்விடைவெளியை நிரப்பவே ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகங்கள் தேவைப்படுகின்றன.

வகுத்தலில் உள்ள வேறுபாடு இதனினும் நுட்பமானது. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உள்ள கல்லூரி ஆய்வாளர் ஒருவர், 2012-இல் எழுதப்பட்ட சொல்லடைவு நிரலை இன்று இயக்க முற்படுவதாகக் கொள்ளலாம். அச்சிடும் கட்டளையின் பழைய வடிவம் பிழைச்செய்தி தந்து நிரலை நிறுத்தும், அதனைத் திருத்திவிடலாம். ஆனால் 3517 எழுத்துகளை 1000 சொற்களால் வகுத்துச் சராசரிச் சொல் நீளம் காணும்போது, முழு எண் வகுத்தலைச் செய்யும் பைத்தான் 2 தரும் விடை 3. பைத்தான் 3 தருவது 3.517. இம்மாற்றத்திற்கு எந்த எச்சரிக்கையும் வராது. நடையியல் ஆய்வில் இவ்வேறுபாடு முடிவையே மாற்றக்கூடும்.

முடிவுரை

ஆதரவு நீங்கினாலும் பழைய பதிப்புகள் களஞ்சியங்களில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றிற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஆதலால் முந்தைய முடிவுகளைச் சரிபார்க்க மட்டும் அவற்றைத் தனிச்சூழலில் இயக்குவது தக்கது. மூலநூலின் பதிப்பாண்டைக் குறிப்பதுபோல, பயன்படுத்திய மொழி, நிரலகம் ஆகியவற்றின் பதிப்பெண்களையும் ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லையெனில், பிறிதோர் ஆய்வாளர் அதே தரவிலிருந்து அதே முடிவைப் பெற இயலாது.